பென் நெவிஸ்: மூன்று வழிகளில் உங்களுக்கு எது?

மே மாதம் பிறந்தால் போதும், இந்தக் கேள்வி வந்துவிடும். "ஃபோர்ட் வில்லியம்ல ரெண்டு நாள் இருக்கப் போறோம். பென் நெவிஸ்ல எல்லாரும் போற பாதையில ஏறலாமா, இல்ல அந்த முகடு வழியாப் போகலாமா?" கேட்பவர்களில் பாதிப் பேர் முகட்டின் படத்தைப் பார்த்து மயங்கியிருப்பார்கள், மீதிப் பேர் அதே படத்தைப் பார்த்துப் பயந்திருப்பார்கள். மூன்று வழிகளிலும் போய்வந்த பிறகு எனக்குத் தோன்றுவது இதுதான்: ஏறுவதை வைத்து முடிவு செய்பவர்கள்தான் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள். இறங்குவதை வைத்து முடிவு செய்யுங்கள்.

முதலில் மலையைப் பற்றிக் கொஞ்சம். ஸ்காட்லாந்தில், ஃபோர்ட் வில்லியம் ஊருக்குப் பக்கத்தில் இருக்கிறது. உயரம் 1,345 மீட்டர். பிரித்தானியாவிலேயே இதுதான் உயர்ந்தது என்றாலும் எண்ணாகப் பார்த்தால் சின்ன மலைபோலத் தெரியும். ஆனால் நடக்கத் தொடங்கும் க்ளென் நெவிஸ் பள்ளத்தாக்கு கிட்டத்தட்டக் கடல்மட்டத்தில் இருக்கிறது, அதனால் அந்த 1,345 மீட்டரில் ஏறக்குறைய முழுவதையும் உங்கள் கால்தான் ஏறியாக வேண்டும். மலைக்கு இரண்டு முகங்கள். தெற்கும் மேற்கும் வயிறு பெருத்த சரிவுகள். வடகிழக்குப் பக்கம் மட்டும் கத்தியால் வெட்டியதுபோல 600, 700 மீட்டருக்கு நிற்கும் பாறைச் சுவர். சரிவு வழியாக ஏறுவது மவுன்டன் ட்ராக். அந்தச் சுவருக்கு எதிரே உள்ள மலையில் ஏறி, இரண்டையும் இணைக்கும் குறுகிய முகட்டில் நடந்து வருவது கார்ன் மோர் ஜெரக் முகடு, சுருக்கமாக சி.எம்.டி. சுவரிலேயே இருக்கும் ஒரு பலவீனமான இடத்தைப் பிடித்து மேலே வருவது லெட்ஜ் ரூட். டவர் ரிட்ஜ் பெயரும் உங்கள் காதில் விழுந்திருக்கும். அது கயிறு கட்டி ஏறும் பாறையேற்றம், இந்தப் பேச்சில் அதைச் சேர்க்கவில்லை.

இன்னொன்று. நான் எழுதுவது ஜூன் நடுவிலிருந்து செப்டம்பர் வரைக்கும்தான். மற்ற மாதங்களில் மேலே பனி உறைந்திருக்கலாம். அப்போது ஐஸ் கோடரி, பூட்ஸில் மாட்டும் முள்தகடு, அவற்றைப் பயன்படுத்தும் பயிற்சி எல்லாம் வேண்டும், மூன்று வழியும் வேறு வழிகளாகிவிடும்.

## எதை வைத்து எடைபோடுவது

மேகம்தான் முதல் கேள்வி. இந்த உச்சி ஆண்டின் பெரும்பகுதி மேகத்துக்குள் இருக்கும். மழை ஆண்டுக்கு 4,000 மில்லிமீட்டருக்கும் மேல். அடிவாரத்து ஊரில் பெய்வதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. உச்சியின் சராசரி வெப்பநிலை உறைநிலையை ஒட்டியே இருந்ததாக மேலே இருந்த பழைய வானிலை ஆய்வகத்தின் பதிவுகள் சொல்கின்றன. கீழே டி-ஷர்ட்டில் கிளம்பும் அதே நாளில் மேலே எட்டு ஒன்பது டிகிரி குறைவாக இருக்கும், கூடவே காற்றும்.

அடுத்து, பாதியில் மனசு மாறினால் திரும்ப முடியுமா என்பது. இதை யாருமே கேட்பதில்லை. "கஷ்டமா?" என்றுதான் கேட்கிறார்கள். ஒரு வழி கஷ்டமாக இருந்தும் எந்த இடத்திலும் திரும்பலாம் என்றால் அதில் ஆபத்து குறைவு. சுமாரான கஷ்டம், ஆனால் திரும்ப முடியாது என்றால் அது வேறு கதை.

மூன்றாவது நேரம். அதற்கும் மாதத்துக்கும் நெருங்கிய சம்பந்தம் உண்டு. ஜூனில் இங்கே இரவு பத்து மணிக்கு மேல்தான் சூரியன் மறைகிறது, பதினோரு மணி நேரம் நடந்தாலும் வெளிச்சம் மிச்சமிருக்கும். செப்டம்பர் கடைசியில் ஏழேகால் வாக்கில் மறைந்துவிடும்.

கடைசியாக, நடை எங்கே முடிகிறது, அங்கிருந்து அறைக்கு எப்படிப் போவீர்கள். இது அற்ப விஷயமாகத் தெரியலாம், பத்து மணி நேரம் நடந்த பிறகு தெரியாது.

| | மவுன்டன் ட்ராக் | சி.எம்.டி. முகடு | லெட்ஜ் ரூட் |
|---|---|---|---|
| கிளம்பும் இடம் | க்ளென் நெவிஸ் | டோர்லண்டி (மலைக்கு வடக்கே உள்ள சிற்றூர்) | டோர்லண்டி |
| போய்வரும் தூரம் | சுமார் 17 கி.மீ. | 17–18 கி.மீ. | சுமார் 16 கி.மீ. |
| மொத்த ஏற்றம் | சுமார் 1,350 மீ. | சுமார் 1,500 மீ. | சுமார் 1,350 மீ. |
| உண்மையில் ஆகும் நேரம் | 7–9 மணி | 9–11 மணி | 9–11 மணி |
| கை வைத்து ஏறுவது | தேவையில்லை | தரம் 1 | தரம் 1, ஆனால் கடினமான பக்கம் |
| பாதியில் திரும்புவது | எங்கிருந்தும் | முகட்டில் இறங்கும் வரை எளிது | சிரமம் |

தரம் என்பது ஸ்க்ராம்பிளிங்குக்குப் போடும் எண். ஸ்க்ராம்பிளிங் நடைக்கும் பாறையேற்றத்துக்கும் நடுவில் இருப்பது. பெரும்பாலும் கயிறு இருக்காது, ஆனால் கையை ஊன்றாமல் முடியாது. 1 எளிது, 3 கிட்டத்தட்டப் பாறையேற்றம்.

## மவுன்டன் ட்ராக்

இந்தப் பாதை 1883-ல் உச்சியில் வானிலை ஆய்வகம் கட்டியபோது குதிரைகள் பொருள் சுமந்து போவதற்காகப் போட்டது. அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு கிளெமென்ட் ராக் என்பவர் ஒரு கோடைகாலம் முழுக்கத் தினமும் மேலே ஏறி அளவெடுத்து வந்தார், அந்த உழைப்பு இல்லாவிட்டால் ஆய்வகமும் இல்லை, இந்தப் பாதையும் இல்லை. குதிரைக்காகப் போட்ட பாதை என்பதால்தான் சாய்வு சீராக இருக்கிறது, ஓரிடத்திலும் கை வைக்க வேண்டியதில்லை. 570 மீட்டரில் ஒரு சின்ன ஏரி வரும். எல்லோரும் அதைப் பாதிவழி ஏரி என்கிறார்கள், உயரக் கணக்கில் அது பாதிகூட இல்லை. அதற்கு மேல் ரெட் பர்ன் ஓடையைத் தாண்டியதும் வளைந்து வளைந்து போகும் கல்பாதை, அப்புறம் உச்சி மேடு.

மறைமுகச் செலவு முழங்கால். பாதையில் பெரும்பகுதி கெட்டியான கல். 1,300 மீட்டரும் அதே கல்லில் இறங்க வேண்டும், ஏறும்போது சிரித்துப் பேசிக்கொண்டு போனவர்கள் இறங்கும்போது படிக்கட்டில் குழந்தை இறங்குவதுபோலப் பக்கவாட்டில் இறங்குவதைப் பார்த்திருக்கிறேன். இரண்டு ஊன்றுகோல் எடுத்துப் போங்கள், இந்த வழிக்கு அதைவிட நல்ல முதலீடு இல்லை. இன்னொரு செலவு கூட்டம். ஆண்டுக்கு ஒரு லட்சம் பேருக்கு மேல் இந்த மலைக்கு வருகிறார்கள், பெரும்பாலோர் இந்த வழியில்தான். கோடைச் சனிக்கிழமை பகல் பதினோரு மணிக்கு வளைவுகளில் வரிசையில்தான் நடப்பீர்கள். காலை ஆறு மணிக்குக் கிளம்பினால் இந்தப் பிரச்சினை பாதியாகிவிடும்.

இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. இந்த வழியில் ஏறினால் பென் நெவிஸின் அந்த வடக்குச் சுவரை நீங்கள் சரியாகப் பார்க்கவே மாட்டீர்கள். உச்சியில் விளிம்புக்குப் போய் எட்டிப் பார்த்தால் கொஞ்சம் தெரியும். அவ்வளவுதான்.

அதற்காக இந்தப் பாதையை யாரும் கேவலமாகப் பேசினால் எனக்குக் கோபம் வரும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். முதல்முறை மலை ஏறுபவர்கள், அறுபது வயது தாண்டியவர்கள், பத்து வயதுப் பிள்ளையைக் கூட்டி வந்தவர்கள் என்று எத்தனையோ பேர் இதில் ஏறி உச்சியைத் தொட்டுவிட்டு அழுததைப் பார்த்திருக்கிறேன். மேகம் கீழே இறங்கியிருக்கும் நாளில், குழுவில் ஒருவருக்காவது உயரப் பயம் இருக்கும்போது, காரில்லாமல் வந்திருக்கும்போது இதுதான் சரியான வழி. ஃபோர்ட் வில்லியம் ஊரிலிருந்து க்ளென் நெவிஸுக்கு நடந்தே போய்விடலாம்.

## சி.எம்.டி. முகடு

நெயிஸ்மித் கணக்கு என்று ஒன்று உண்டு. வில்லியம் நெயிஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி 1892-ல் சொன்னது. மெட்ரிக்கில் சொன்னால், 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம். இந்தக் கணக்கைப் போட்டால் மவுன்டன் ட்ராக்குக்கு ஐந்தே முக்கால் மணி வரும், சி.எம்.டி.க்கு ஆறு மணி. வித்தியாசம் வெறும் கால் மணி நேரம்! நான் முதல்முறை இதை நம்பித்தான் காலை பத்தரைக்குக் கிளம்பினேன். கார்ன் மோர் ஜெரக் உச்சிக்கு வந்தபோதே மணி மூன்றரை, தண்ணீரில் முக்கால்வாசி போய்விட்டது, முகடு முழுவதும் எனக்கு முன்னால் கிடந்தது. ஜூலை மாதம் என்பதால் பிழைத்தேன்.

எங்கே அந்த நேரமெல்லாம் போகிறது? முதலில் டோர்லண்டியிலிருந்து காட்டுக்குள்ளே ஏறி, அல்ட் அ வூலின் ஓடையை ஒட்டிய பாதையைப் பிடித்து, அதிலிருந்து இடப்பக்கம் பிரிந்து புல்லும் ஹீதர் புதரும் சேறும் கலந்த சரிவில் ஏற வேண்டும். இதுதான் நாளின் மோசமான பகுதி. பாதை மங்கலாக இருக்கும், மழைக்கு மறுநாள் பூட்ஸ் உள்ளே வரை நனையும். அதற்குமேல் கற்கள். இரண்டு சின்ன உச்சிகளைத் தாண்டி 1,220 மீட்டரில் கார்ன் மோர் ஜெரக். கேலிக் மொழியில் பெரிய சிவப்பு மலை என்று பொருள், கிரானைட் கல் உண்மையிலேயே சிவந்துதான் இருக்கிறது. ஏறி வரும் நேரமெல்லாம் வலப்பக்கம் அந்த வடக்குச் சுவர் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்துகொண்டே வரும், இங்கே வந்து நிற்கும்போது டவர் ரிட்ஜ், அதன் பக்கத்து முகடுகள், இடுக்குகளில் ஜூன் வரைக்கும் கிடக்கும் பனித் திட்டுகள் எல்லாம் நேர் எதிரே. பிரித்தானியாவில் இதற்கு இணையான மலைக்காட்சி ஒன்றிரண்டுதான் இருக்கும் என்று நினைக்கிறேன். அங்கே அரைமணி நேரம் உட்காருங்கள். அந்த நேரத்தையும் திட்டத்தில் சேர்த்தே கிளம்புங்கள்.

அப்புறம் முகடு. அரைவட்டமாக வளைந்து, சுமார் 1,060 மீட்டர் வரை இறங்கி, பென் நெவிஸின் தோளில் போய்ச் சேரும். அகலம் சில இடங்களில் ஒரு மீட்டருக்கும் குறைவு, இரண்டு பக்கமும் சரிவு. கையை வைக்க வேண்டிய இடங்கள் நிறைய, ஆனால் ஒவ்வோர் அசைவும் எளிது. சொரசொரப்பான கல், பிடிக்க எங்கும் இடம். உச்சிக்கோட்டிலேயே போகப் பிடிக்காதவர்கள் கொஞ்சம் கீழே தெரியும் தடத்தில் நடந்து பல இடங்களைத் தவிர்க்கலாம். இதில் தேவைப்படுவது திறமையைவிட நிதானம்தான், அதுவும் ஒன்றரை மணி நேரத்துக்கு விடாமல். கால் வைக்கும் ஒவ்வோர் இடத்தையும் பார்த்து நடந்து நடந்து மூளை களைத்துவிடும்.

முகடு முடிந்தது என்று மூச்சு விடும்போதுதான் உண்மையான செலவு வருகிறது. ஏறக்குறைய 290 மீட்டர் உயரத்துக்கு வெறும் பாறாங்கற்கள். ஆடும் கற்கள். ஏழு மணி நேரம் நடந்த காலுக்கு அது மிகப் பெரிய ஏற்றம். உச்சியைத் தொட்ட பிறகு மவுன்டன் ட்ராக்கில் இறங்கி, பாதிவழி ஏரியில் வலப்பக்கம் பிரிந்து, ஒழுங்கான தடம் இல்லாத ஈரச் சரிவில் இறங்கி, ஓடையைக் கடந்து டோர்லண்டிக்குத் திரும்ப வேண்டும். நல்ல மழைக்குப் பிறகு ஓடையைக் கடப்பதே சிக்கலாகிவிடும். அப்படிப்பட்ட நாளில் ட்ராக்கிலேயே க்ளென் நெவிஸ் வரை இறங்கி, அங்கிருந்து டாக்ஸி வைத்துக் காரை எடுக்கப் போங்கள். டாக்ஸிப் பணத்தை முன்கூட்டியே இந்த வழியின் செலவில் எழுதிவிடுங்கள், அப்போது அந்த நேரத்தில் முடிவெடுக்கத் தயக்கம் இருக்காது.

மேகம் 1,000 மீட்டருக்குக் கீழே இறங்கினால் இந்த வழியில் அர்த்தமில்லை. பார்ப்பதற்காகத்தான் இவ்வளவு தூரம் சுற்றி வருகிறீர்கள். காற்று மணிக்கு 30 மைலுக்கு மேல் என்றால் நான் முகட்டில் கால் வைப்பதில்லை. கார்ன் மோர் ஜெரக் உச்சியே திரும்புவதற்கான கடைசி நல்ல இடம், வந்த வழியே இறங்கினாலும் அது ஒரு முழுமையான நாள்தான்.

## லெட்ஜ் ரூட்

ஓடையை ஒட்டியே நேராகப் போனால் சுமார் 680 மீட்டரில் சி.ஐ.சி. குடில் வரும். முதல் உலகப் போரில் இறந்த சார்ல்ஸ் இங்கிலிஸ் கிளார்க்கின் நினைவாகப் பெற்றோர் கட்டி 1929-ல் திறந்தது. பூட்டியிருக்கும், பொதுமக்கள் ஒதுங்கும் இடமல்ல. மழை வந்தால் அங்கே போய்க்கொள்ளலாம் என்று திட்டம் போடாதீர்கள்.

குடிலுக்கு மேலே ஐந்தாம் எண் இடுக்கின் அடியில் தொடங்கி, அதிலிருந்து வலப்பக்கம் ஒரு திண்ணைபோன்ற விளிம்பில் வெளியேறி, அப்படியே படிப்படியாகக் கார்ன் ஜெரக்கின் (எதிரே உள்ள கார்ன் மோர் ஜெரக் வேறு) முகட்டுக்கு ஏறுவதுதான் வழி. சுற்றிலும் கயிறு கட்டியவர்கள் மட்டுமே ஏறக்கூடிய சுவர். அதன் நடுவே நீங்கள் வெறும் கையோடு போய்க்கொண்டிருப்பீர்கள். சரியான நாளில், சரியான ஆளுக்கு, மூன்றில் மிகச் சிறந்த ஏற்றம் இதுதான்.

ஆனால் இங்கே கல் வேறு. இது கிரானைட் இல்லை, எரிமலைப் பாறை, ஈரமானால் வழுக்கும். இடுக்கில் ஜூன் வரை கெட்டிப் பனி கிடக்கலாம், அப்படியிருந்தால் சாதாரண பூட்ஸோடு அதில் கால் வைக்கவே கூடாது. மேலே ஏறுபவர்கள் கல்லைத் தள்ளிவிடுவார்கள், ஹெல்மெட் கட்டாயம். எல்லாவற்றுக்கும் மேலாக, தவறான விளிம்பைப் பிடித்தால் கொஞ்ச தூரத்திலேயே பாறையேற்றக்காரர்களின் இடத்துக்குள் போய்விடுவீர்கள், ஏறின இடத்தில் இறங்குவது ஏறுவதைவிடக் கஷ்டம். தரம் 1 என்ற எண் இது எதையும் சொல்லாது. சி.எம்.டி.க்கும் இதற்கும் ஒரே எண் போடுவது எனக்கு ஒப்புதல் இல்லை.

வழிகாட்டியை வைத்துக்கொள்ளலாமா என்றால், இந்த ஒரு வழிக்குத் தாராளமாகப் பணம் செலவழிக்கலாம். கேட்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். பிரித்தானியாவின் மவுன்டன் லீடர் தகுதி திட்டமிட்டுக் கயிறு பயன்படுத்தும் ஏற்றங்களுக்கானதல்ல. மவுன்டனீயரிங் அண்ட் க்ளைம்பிங் இன்ஸ்ட்ரக்டர் தகுதி உள்ளவரைக் கேளுங்கள். கட்டணம் கூடும், கூடத்தான் வேண்டும்.

## மூன்றும் ஒன்றாகும் இடம்

எந்த வழியில் ஏறினாலும் உச்சியிலிருந்து பெரும்பாலும் ஒரே பாதையில்தான் இறங்குவீர்கள். உச்சி மேடு அகலமாக, தட்டையாக, எங்கு பார்த்தாலும் ஒரே மாதிரி கல்லாக இருக்கும். பாதை கார்டிலூ என்ற இடுக்கின் விளிம்பை ஒட்டியே போகிறது. ஆய்வகத்தில் இருந்தவர்கள் குப்பை கொட்டிய இடம் அது, மாடியிலிருந்து கழிவுநீர் ஊற்றும்போது எடின்பரோவில் போடும் பழைய கூச்சல்தான் பெயராகிவிட்டது. அதைத் தவிர்க்க அதிகமாக இடப்பக்கம் ஒதுங்கினால் ஐவிரல் இடுக்கு என்ற இன்னொரு பள்ளம் காத்திருக்கிறது.

வெள்ளை மேகத்துக்குள் இரண்டுக்கும் நடுவே வர இரண்டு எண்கள் போதும். உச்சித் தூணிலிருந்து 231 பாகை திசையில் 150 மீட்டர், அங்கிருந்து 282 பாகை. இவை வரைபடத்தின் கட்டக்கோடுகள் காட்டும் வடக்கை வைத்துச் சொன்னவை. ஆளுயரக் கற்குவியல்களும் வழிகாட்டும், அடர்ந்த மேகத்தில் அடுத்த குவியல் தெரியாமல் போவதும் உண்டு. போன் குளிரில் அணைந்துவிடும். காகித வரைபடமும் காம்பஸும் எடுத்துப்போய், கீழே ஒரு மைதானத்தில் 150 மீட்டருக்கு உங்கள் காலடி எத்தனை என்று எண்ணிப் பார்த்துவிட்டு வாருங்கள். இதைச் செய்யத் தெரியாது என்றால் மேகம் மூடிய நாளில் எளிய பாதையிலும் உச்சி வரை போகாதீர்கள். பாதிவழி ஏரி வரை போய்த் திரும்புவதும் நல்ல நடை.

## சரி, யாருக்கு எது

ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது, மலைப் பழக்கம் குறைவு என்றால் மவுன்டன் ட்ராக். இதில் யோசிக்க ஒன்றுமில்லை.

பத்து மணி நேர நடை உங்களுக்குப் புதிதல்ல, வேறெங்காவது எளிய ஸ்க்ராம்பிளிங் செய்திருக்கிறீர்கள், நாள் தெளிவாக இருக்கிறது என்றால் சி.எம்.டி. மூன்றில் எனக்குப் பிரியமானதும் இதுதான். காலை ஏழு மணிக்குக் கிளம்புங்கள், மூன்று லிட்டர் தண்ணீர் எடுங்கள், மதியம் இரண்டு மணிக்குள் கார்ன் மோர் ஜெரக் உச்சிக்கு வராவிட்டால் திரும்பிவிடுங்கள். செப்டம்பரில் அதை ஒரு மணியாக்குங்கள்.

லெட்ஜ் ரூட்டை முதல் பயணத்தில் வைக்காதீர்கள். சி.எம்.டி. முகட்டில் போகும்போது எதிரே அந்த வழி முழுவதும் தெரியும். எங்கே தொடங்குகிறது, எந்த விளிம்பில் திரும்புகிறது என்று அங்கே உட்கார்ந்து கண்ணாலேயே ஏறிப் பாருங்கள். அடுத்த ஆண்டு வரும்போது அது உதவும்.

இரண்டு நாள் இருப்பவர்களுக்கு ஒரு யோசனை. எந்த நாள், எந்த வழி என்று வீட்டிலேயே முடிவு செய்யாதீர்கள். மலை வானிலைக்கென்றே இருக்கும் எம்.டபிள்யூ.ஐ.எஸ். அறிக்கையில் வெஸ்ட் ஹைலண்ட்ஸ் பகுதியை முந்தின நாள் மாலை பாருங்கள். உச்சிகள் மேகமில்லாமல் இருக்க எத்தனை சதவீத வாய்ப்பு, காற்று நடையை எவ்வளவு பாதிக்கும் என்று தனித்தனியாகச் சொல்வார்கள். நல்ல நாளைச் சி.எம்.டி.க்கு வைத்துக்கொண்டு, மற்ற நாளில் டோர்லண்டியிலிருந்து சி.ஐ.சி. குடில் வரை மட்டும் போய்வாருங்கள். நான்கைந்து மணி நேரம்தான் ஆகும், மேகம் தாழ்ந்திருந்தாலும் சுவரின் அடிவாரம் தெரியும்.